ஓணம் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் நாள்காட்டியைப் பாருங்கள்

போன வருடம், 2025 ஓணத்துக்கு, கோயம்புத்தூரில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் நான்கு பேருக்கு 46,000 ரூபாய் கட்டிப் போனோம். எதைப் பார்க்கப் போனோமோ அதில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தோம். அதே மாதிரி போஸ்டர்கள் மறுபடி வாட்ஸ்அப்பில் சுற்றுவதால் எழுதுகிறேன்.

போஸ்டரில் இருந்தவை இவை: திருச்சூர் புலிக்களி (புலிவேட ஆட்டம்), வள்ளங்களி (படகுப் போட்டி), பழைய தறவாட்டு வீட்டில், அதாவது பூர்வீகக் குடும்ப வீட்டில், ஓண சத்யா (வாழையிலை விருந்து). செப்டம்பர் 4 காலை கிளம்பி 7 இரவு திரும்புவது. என் மாமியாருக்கு 71 வயது. வயிற்றில் புலிமுகம் வரைந்துகொண்டு செண்டைக்குக் குலுக்கி ஆடுகிறவர்களை டிவியில் பார்த்துவிட்டு, நேரில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்காகவே எடுத்த பயணம் இது. பணம் கட்டும் முன் கேட்டேன், "புலிக்களி என்னைக்குங்க?" "ஓணத்தன்னைக்குத்தானுங்க்கா, அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றார்.

செப்டம்பர் 5, திருவோணம். மதியம் மூன்று மணிக்கு வடக்குநாதர் கோயிலைச் சுற்றியுள்ள ஸ்வராஜ் ரவுண்டில் இறங்கினோம். பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. திறந்திருந்த ஒரே டீக்கடையில் கேட்டோம். "புலியோ? அது நாலாம் ஓணத்தினல்லே மோளே, எட்டாம் தீயதி" என்றார் கடைக்காரர். நாங்கள் ஊர் திரும்புவது ஏழாம் தேதி. அத்தை டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏங்கண்ணு, அப்போ புலி வராதா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

வள்ளங்களியும் அப்படித்தான். ஆலப்புழையில் புன்னமடைக் காயல் கரைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். நேரு டிராபி போட்டி அங்கே ஆகஸ்ட் 30-ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஓணத்தை ஒட்டி நடக்கும் ஆறன்முளை வள்ளங்களியோ செப்டம்பர் 9. டிரைவரிடம் கேட்டால், படகில் ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டுவதுதான் வள்ளங்களியாம். அதற்கும் தனியாக 2,500 ரூபாய்.

சத்யாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தறவாட்டு வீடு என்றது பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபம். வாழையிலை மாதிரி பச்சை அச்சடித்த பேப்பர் இலை. சத்யாவில் முதலில் பருப்பும் நெய்யும் ஊற்றி, பப்படத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்து சாப்பிட்ட பிறகுதான் சாம்பார் வர வேண்டும். இங்கே சோறு விழுந்ததுமே சாம்பாரை ஊற்றிவிட்டார்கள், பருப்பு வரவே இல்லை. எரிசேரிக் கூட்டின் மேல் வறுத்த தேங்காய் இல்லை. இஞ்சிப்புளி சின்ன பாக்கெட்டில் வந்தது. அடைப்பிரதமன் பாயசத்தில் அரிசி அடைத் துண்டுகளைத் தேட வேண்டியிருந்தது. பக்கத்து இலைக்காரர் ஓலன் என்ற கூட்டை இன்னொரு முறை கேட்டதற்கு, "ஒருக்கா மட்டும்தான்" என்றார்கள். விருந்தில் இலையைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிற ஊரில் இப்படி ஒரு பந்தி நடந்ததே என்று இன்னமும் மனசு ஆறவில்லை.

வந்த பிறகு பாலக்காட்டுத் தோழி ஒருத்தி விளக்கினாள். ஓணம் ஒருநாள் பண்டிகை இல்லை. அத்தம் நட்சத்திரத்தில் பூக்களம் (பூக்கோலம்) தொடங்கும், திருப்பூணித்துறையில் அத்தச்சமய ஊர்வலம் அன்றுதான். திருவோணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தில் கடைவீதி அலைமோதும். திருவோணம் என்பது வீட்டு நாள். புது வேட்டி, புதுப் புடவை, சொந்தக்காரர்கள், சத்யா. சமையல்காரரும் டிரைவரும்கூட அன்று வீட்டுக்குப் போகத்தான் நினைப்பார்கள். "காணம் விற்றும் ஓணம் உண்ணணும்" என்பது அவர்கள் பழமொழி, நிலத்தை விற்றாவது ஓணச் சாப்பாடு சாப்பிட வேண்டுமாம். தெருவில் நடக்கும் புலிக்களி திருவோணத்தில் இருந்து எண்ணி நாலாம் நாள். ஆறன்முளை வள்ளங்களி உத்திரட்டாதி அன்று.

இதில் எனக்கு ரொம்ப வலித்தது என்ன தெரியுமா? திருவோணம், உத்திரட்டாதி எல்லாம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரிலேயே இருந்தது. அவர்கள் வண்டி என்றைக்குக் காலியோ அந்த நாளை ஓணம் என்று விற்கிறார்கள், நாமும் வாங்கிவிடுகிறோம். பணம் கட்டும் முன் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி, இடம், ஆரம்பிக்கும் நேரம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். "பார்த்துக்கறோம்" என்றால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். சத்யா எங்கே என்று கேட்டு, அந்த இடத்துக்கே போன் போட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று. நான் முழுப் பணத்தையும் ஒருவருடைய சொந்த நம்பருக்கு ஜிபேயில் அனுப்பினேன், பில் கேட்கவில்லை. அது என் தப்பு. நல்லவேளை போஸ்டரையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருந்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்த பிறகு 6,000 ரூபாய் மட்டும் திருப்பித் தந்தார்கள். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இப்படி ஏமாந்து பேசாமல் இருப்பவர்கள் தயவுசெய்து போடுங்கள்.

கோயம்புத்தூரில் இருந்து திருச்சூர் மூன்று மணி நேரம்தான், பேக்கேஜே தேவைப்பட்டிருக்காது. இந்த முறை நாலாம் ஓணத்தன்று காலை ரயிலில் நாங்களே போகிறோம். ரவுண்டில் கூட்டம் சேரும் முன் அத்தையை முன்வரிசையில் உட்காரவைக்க ஒரு மடக்கு நாற்காலி வாங்கி வைத்திருக்கிறேன்.