எஸ்.பி.எம். பிள்ளைகளுக்கு எந்த வகுப்பு நல்லது: விளக்கிச் சொல்வதா, எழுத வைப்பதா?

கோலாலம்பூரில் பிள்ளை படிவம் நான்குக்குப் போனதும், அடுத்த ஆண்டு எழுத வேண்டிய எஸ்.பி.எம். என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வை நினைத்துப் பெற்றோர் பிரத்தியேக வகுப்பு தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ என்று வகுப்புகளுக்குக் குறைவில்லை. எல்லோரும் விசாரிப்பது ஒன்றைத்தான்: "அங்கே நல்லா சொல்லிக் கொடுப்பாங்களா?" வார இறுதியில் செந்தூலில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள் என்ற முறையில் நான் இன்னொன்றையும் கேட்கச் சொல்வேன். வகுப்பு நடக்கும் நேரத்தில் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கும்?

முன்பைவிட இப்போது இது முக்கியம். ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தானது, படிவம் மூன்றில் எழுதும் பி.டி.3 தேர்வு 2022இல் ரத்தானது. ஆக, இப்போது படிவம் நான்கில் இருக்கும் பிள்ளைகள் தேசிய அளவில் எழுதும் முதல் பெரிய தேர்வே எஸ்.பி.எம்.தான்.

முதல் வகை வகுப்பு எல்லோருக்கும் தெரிந்தது. ஆசிரியர் தெளிவாக விளக்குவார், அச்சடித்த குறிப்பு தருவார், பிள்ளை கோடு போட்டு வீட்டில் நாலைந்து முறை படிக்கும். இரண்டாவது வகையில் விளக்கம் குறைவு. ஒரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுத வேண்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும்.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு வேளை படித்தது. இன்னொரு குழு ஒரு வேளை படித்துவிட்டு, மூன்று வேளை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னணி: அவர்களுக்குப் பத்தியில் 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்களிடம் மிஞ்சியது 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

முதல் வகை வகுப்புக்குக் கூட்டம் சேர்வது ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது. வகுப்பு முடிந்து காரில் ஏறும் பிள்ளையிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்றுதான் சொல்லும். அந்த நேரத்தில் அது உண்மையும்கூட. எழுதிப் பார்க்கும் வகுப்பிலிருந்து வரும் பிள்ளையோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரும். பெற்றோர் அதைப் பார்த்து வகுப்பை மாற்றிவிடுகிறார்கள். எனக்கு மனம் கனத்துப்போகும் இடம் இதுதான்.

என்னிடம் வரும் படிவம் நான்கு மாணவி ஒருத்தி வரலாற்றில் மலாயன் யூனியன் (1946இல் பிரிட்டிஷார் மலாயாவில் கொண்டுவந்த ஆட்சித் திட்டம்) பாடத்தை மூன்று வண்ணங்களில் கோடிட்டு வைத்திருந்தாள். புத்தகத்தை மூடச் சொல்லி, மலாய்க்காரர்கள் அதை ஏன் எதிர்த்தார்கள் என்று எழுதச் சொன்னேன். சுல்தான்களின் அதிகாரம் பறிபோனது என்று ஒரு வரி எழுதினாள், பேனா நின்றுவிட்டது. "டீச்சர், படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். புத்தகத்தைத் திறந்தபோது இரண்டு பெரிய காரணங்கள் விட்டுப்போயிருந்தன: பிற இனத்தவருக்கும் தாராளமாகக் குடியுரிமை தரும் திட்டம், பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ஹரோல்ட் மெக்மைக்கல் சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கிய விதம். இரண்டையும் சிவப்பில் சேர்த்தாள். அடுத்த வாரம் வேறு பாடம் நடத்தத் தொடங்கும் முன் அதே கேள்வியைக் கேட்டேன். குடியுரிமையைத்தான் முதலில் எழுதினாள்.

ஆனால் எல்லோருக்கும் இரண்டாவது வகைதான் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பலருக்கு செஜாராவில், அதாவது வரலாற்றுப் பாடத்தில், சிக்கல் ஞாபகசக்தி இல்லை, மலாய்தான். 2013 முதல் செஜாராவில் தேர்ச்சி இல்லையென்றால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. பத்தியே புரியாத பிள்ளையிடம் வெள்ளைத்தாளை நீட்டுவது கொடுமை. அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் நல்ல விளக்கம்தான் வேண்டும், அதுவும் தமிழில் வேண்டும். எதிர்ப்பு ஏன் வந்தது, 1948இல் மலாயன் யூனியன் போய் மலாயாக் கூட்டரசு ஏன் வந்தது என்று கதையாகச் சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். மூடிவைத்து எழுதுவது மட்டும் மலாயில் இருக்க வேண்டும், ஏனென்றால் தேர்வுத்தாளில் எழுதப்போவது மலாயில். முழுக்க மலாயிலேயே நடத்தும் வகுப்புகளிலும், முழுக்கத் தமிழிலேயே சொல்லிவிட்டு மலாய்க் குறிப்பை மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்புகளிலும் நடுத்தரப் பிள்ளைகள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கணிதத்தில் போட்டி வேறு: அத்தியாயம் அத்தியாயமாகப் பயிற்சியா, பல அத்தியாயக் கணக்குகளும் கலந்த பயிற்சியா? இருபடிச் சமன்பாடு என்றால் இருபது கணக்கும் அதிலேயே கொடுப்பது முதல் வழக்கம். பிள்ளை கடகடவென்று போட்டுவிடும். காரணம், எந்த வழிமுறை என்று யோசிக்கவே வேண்டியதில்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. எஸ்.பி.எம். கணித முதல் தாளில் 40 கேள்விகள் வரும், எது எந்த அத்தியாயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஃபுளோரிடாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு மாதம் கழித்து வைத்த தேர்வில் கலந்து பயின்றவர்கள் 74 சதவீதமும் தனித்தனியாகப் பயின்றவர்கள் 42 சதவீதமும் எடுத்தார்கள்.

இங்கும் வரிசை முக்கியம். புதிய வழிமுறையை முதல்முறை பார்க்கும் பிள்ளைக்குக் கலந்த கணக்குகளைக் கொடுத்தால் திணறிப்போகும். முதலில் முழுக்கச் செய்து காட்டிய கணக்குகள் இரண்டு மூன்று, பிறகு பாதி செய்து விட்ட கணக்கு, பிறகு அதே வகையில் நாலைந்து. அதற்குமேல் வீட்டுப்பாடம் முழுக்கக் கலவையாக, போன மாதப் பாடமும் சேர்த்து இருக்கலாம். கூடுதல் கணிதத்துக்கு இது இன்னும் பொருந்தும்.

தேர்வு நெருங்கும்போது நடக்கும் ஒருநாள் கருத்தரங்குகளையும் கேட்கிறார்கள். விடைத்தாள் எப்படித் திருத்தப்படுகிறது, எதற்கு எத்தனை புள்ளி என்று தெரிந்துகொள்ளப் போகலாம். பாடம் படிக்க அதை நம்ப வேண்டாம். அதே நேரத்தை வாரத்துக்கு அரை மணியாகப் பிரித்து, பழைய பாடத்தைத் திரும்ப எழுதிப் பார்த்தால் பலன் அதிகம்.

சரி, வகுப்பைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்பது? பழைய மாணவர்கள் எத்தனை ஏ வாங்கினார்கள் என்ற பட்டியலை ஓரமாக வையுங்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் சேர்த்தாலும் அந்தப் பட்டியல் வரும். ஒரு மாணவரின் பயிற்சிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதப் பாடம் இந்த மாதப் பக்கங்களில் மறுபடி வந்திருக்கிறதா, பிள்ளையின் பிழையை ஆசிரியர் திருத்தியிருக்கிறாரா, அந்தப் பிழை திரும்பக் கேட்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதிய அழகான கையெழுத்து மட்டுமே பக்கம் பக்கமாக இருந்தால், அந்தக் கட்டணத்துக்குப் பாடநூலும் ஒரு கட்டு வெள்ளைத்தாளும் வாங்கிக் கொடுத்து, வீட்டில் தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் மலாயில் கெட்டி இல்லை என்றாலும் பரவாயில்லை. பிள்ளை எழுதியதையும் புத்தகத்தில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது விட்டுப்போனது என்று உங்களுக்கே தெரியும்.