கேட், பால், குளோப்: எந்த வால்வு எந்த வேலைக்கு?

வால்வு தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஓட்டத்தைத் திறந்து மூடினால் போதுமா, இல்லை கூட்டிக் குறைக்கவும் வேண்டுமா? அளவும் விலையும் அதற்கு அப்புறம்.

கேட் வால்வுக்குள் ஆப்பு வடிவத் தகடு ஒன்று இருக்கும். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற அது ஓட்டத்துக்குக் குறுக்கே ஏறி இறங்கும். முழுசாகத் திறந்தால் தகடு மேலே ஒதுங்கிவிடும், பாதையில் தடையே கிடையாது. பாதி திறந்து வைப்பதில்தான் வினை. தகட்டுக்கு அடியில் உள்ள குறுகிய சந்தில் திரவம் சீறிப் பாயும்; தகடு கடகடவென்று அதிரும், சீட் (தகடு போய் உட்காரும் இடம்) அரிபடும். அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காது. அடியில் வண்டல் சேர்ந்துவிட்டாலும் இதே கதி, தகடு கடைசிவரை இறங்காது.

பால் வால்வில் இருப்பது நடுவே துளையிட்ட ஓர் உருண்டை. கால் சுற்று போதும். கைப்பிடி பைப்புக்கு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. தள்ளி நின்றே சொல்லிவிடலாம். தகட்டை ஏற்றி இறக்கும் தண்டு வெளியே ஏறாத கேட் வால்வில் இந்த வசதி இல்லை, சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். சின்ன பைப்புகளில், வெறும் திறந்து மூடும் வேலைக்கு, என் ஓட்டு பால் வால்வுக்கே.

ஆனால் அந்த வேகமே சில இடங்களில் வம்பு. நீளமான எஃகுப் பைப்பில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், அழுத்தம் சுமார் 12 பார் எகிறும். வாட்டர் ஹேமர் என்பது இதுதான். கேட் வால்வை மூடவே நேரம் பிடிக்கும் என்பது இங்கே நல்லதாகப் போகிறது. சூடும் பார்க்க வேண்டும்: பால் வால்வில் வழக்கமாக வரும் டெஃப்லான் சீட்டை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் நம்ப முடியாது. பாதி திறந்தே வைத்திருந்தால் அந்த சீட்டும் தேயும்.

கூட்டிக் குறைக்க வேண்டுமா? குளோப் வால்வு. அடைப்பான் சீட்டின் மேல் நேராக வந்து உட்காரும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நிதானமாகக் கட்டுப்படுத்தலாம். விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். பாதை மேலும் கீழும் வளைந்து போவதால் அழுத்தம் குறையும். பாடப்புத்தகக் கணக்கில், முழுசாகத் திறந்த கேட் வால்வின் இழப்புக் கெழு (எவ்வளவு அழுத்தம் வீணாகிறது என்று காட்டும் எண்) 0.2 அளவில் என்றால், குளோபுக்கு அது 10 அளவில். பம்ப் அந்த இழப்பை ஓடும் நேரமெல்லாம் ஈடுகட்ட வேண்டும். வெறுமனே திறந்து மூட இதைப் போடுவது வீண் செலவு.

பட்டர்ஃபிளை வால்வு பெரிய பைப்புகளுக்கானது. எடை குறைவு, இடமும் கொஞ்சம்தான். ஓரளவு கட்டுப்படுத்தவும் உதவும். திறந்திருக்கும்போதும், சுழன்று மூடும் அதன் வட்டத் தகடு ஓட்டத்தின் நடுவிலேயே நிற்கும் என்பதுதான் குறை. குழாய்க்குள் சுத்தம் செய்யும் கருவியை விட முடியாது.

ஓட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இந்தப் போட்டியிலேயே இல்லை. அதற்குக் கைப்பிடி கிடையாது, ஓட்டமே திறக்கும், திரும்பி வரும் ஓட்டமே மூடும். உடம்பில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து மாட்ட வேண்டும். பம்ப் நின்றதும் உள்ளே இருக்கும் கதவு 'டமார்' என்று அறைந்தால், ஸ்பிரிங் வைத்த ரகத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். தண்ணீர் திரும்பி வேகமெடுப்பதற்குள் ஸ்பிரிங் அதை மூடிவிடும்.