சீப்பா, ஸ்லிக்கர் பிரஷ்ஷா, கிளிப்பரா: நீளமுடிப் பூனைக்கு எது சரி?

என் பெர்ஷியன் பூனைக்கு ஒரு வருடம் விடாமல், ரப்பர் பட்டையில் வளைந்த மெல்லிய கம்பிகள் பதித்த ஸ்லிக்கர் பிரஷ் போட்டேன். முதுகு பட்டு மாதிரி இருக்கும், தடவிப் பார்ப்பவர்களெல்லாம் பாராட்டுவார்கள், எனக்கும் பெருமைதான். ஒருநாள் தூக்கும்போது முன்காலின் அக்குளில் விரல் பட்டது. கோலிக்குண்டு அளவுக்கு ஒரு சடை, தோலோடு ஒட்டிக்கொண்டு. அந்தப் பக்க அக்குளிலும் ஒன்று, காதுக்குப் பின்னால் இன்னொன்று. ஒரு வருடமாக மேலே மட்டும்தான் வாரியிருக்கிறேன், அடிமுடிக்குள் எதுவுமே போகவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவர்களுக்கு என் பதில் இரும்புச் சீப்பு. ஒரு பாதியில் பற்கள் அகலமாகவும் மறுபாதியில் நெருக்கமாகவும் இருக்கும் சாதாரணச் சீப்புதான், பார்க்க ஒன்றுமே இருக்காது.

ஸ்லிக்கரில் வேலை சீக்கிரம் முடியும், அதை மறுக்க முடியாது. இரண்டே நிமிடத்தில் உதிர்ந்த முடியை அள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆனால் கம்பி குட்டை. அடர்ந்த முடியில் தோல்வரை போகாது. போக வேண்டும் என்று அழுத்தினால் தோலைக் கீறும் (உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் ஒருமுறை அழுத்தி இழுத்துப் பாருங்கள், புரியும்). சீப்பு மெதுவாகத்தான் போகும், ஆனால் தோல்வரை போகும், சிக்கு இருக்கும் இடத்தில் நின்றுவிடும். எனக்கு வேண்டியது அந்த நிற்பதுதான். சடை மிளகு அளவில் இருக்கும்போதே கையில் தட்டுப்பட்டுவிடுகிறது. ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடியை இறக்கிவிட்டு, முதலில் நுனி, பிறகு வேர் என்று வார வேண்டும். சிக்கு வந்தால் அதற்கும் தோலுக்கும் நடுவில் முடியை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், தோல் இழுபடாது. நேரம் இருக்கும் நாளில் ஸ்லிக்கர் போட்டுவிட்டுச் சீப்பால் சரிபார்ப்பேன். இல்லாத நாளில் சீப்பு மட்டும்.

பூனைதான் நாள் முழுக்க நக்கிக்கொள்கிறதே, நாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பூனை நாக்கில் பின்பக்கம் வளைந்த சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த முட்களின் நுனி குழிவாக இருந்து எச்சிலை முடிக்குள் கொண்டுபோகிறது. மற்ற பூனைகளுக்குத் தோல்வரை எட்டுகிற இந்த முள், பெர்ஷியனின் அடர்ந்த முடியில் எட்டுவதில்லை என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். ஆக, பூனை சோம்பேறி இல்லை, அதன் நாக்குக்கு அவ்வளவுதான் எட்டும். வயதான பூனையும் குண்டுப் பூனையும் திரும்பி இடுப்பை நக்கவே சிரமப்படும், அங்கே சடை கட்டுவது அதனால்தான்.

மேல்முடிக்கு அடியில் இருக்கும் மென்மையான உள்முடியை இழுத்தெடுக்கும் டீஷெட்டிங் பிளேடு மெயின் கூன் மாதிரி உள்முடி உள்ள பூனைக்கு, முடி கொட்டும் சமயத்தில், நன்றாகவே உதவும். டர்கிஷ் அங்கோராவுக்கு உள்முடி அநேகமாகக் கிடையாது, அதற்கு இதைப் போட்டால் மேல்முடிதான் அறுபடும். கத்தை கத்தையாக முடி வருவதைப் பார்க்கும் சந்தோஷத்தில் இழுத்துக்கொண்டே இருக்கத் தோன்றும், அதுதான் ஆபத்து. முடி வாரும் ரப்பர் கையுறை? பூனைக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்.

இனி, சடை கட்டியாகிவிட்டது என்றால் என்ன செய்வது? கத்திரிக்கோல் வேண்டவே வேண்டாம். பூனைத் தோல் மெல்லியது, சடை இறுகும்போது தோலையும் கூடாரம் மாதிரி தூக்கிவிடும், எது முடி எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. அந்த அக்குள் சடையை நான் கத்திரியால்தான் வெட்டினேன். பூனை சத்தம்கூடப் போடவில்லை. மறுநாள் பார்த்தால் விரல்நக அளவுக்குத் தோல் பிளந்திருந்தது, தையல் போட வேண்டிவந்தது.

சின்னச் சடைக்கு விரலே போதும். கொஞ்சம் கார்ன்ஃப்ளார் தூவி, ஓரத்திலிருந்து பிய்த்துப் பிய்த்துப் பிரித்து, கடைசியில் சீப்பு. டால்கம் பவுடர் வேண்டாம், மூச்சில் ஏறும். தோலோடு இறுகிய சடைக்கு கிளிப்பர், அதாவது முடி மழிக்கும் மெஷின்தான். 10-ஆம் எண் பிளேடு, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிளேடை படுக்கையாக வைத்து ஓட்ட வேண்டும். பிளேடு சூடாகும், அடிக்கடி மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சத்தத்துக்கு மிரளும் பூனை என்றாலோ, உடம்பு முழுக்கக் கம்பளி மாதிரி ஒட்டிப்போயிருந்தாலோ வீட்டில் தொடவே வேண்டாம், மருத்துவரிடம் மயக்கம் கொடுத்து எடுப்பதுதான் சரி. இன்னொன்று, ஹிமாலயன், ராக்டால் வகைகளில் மழித்த இடத்தில் முடி கறுத்து முளைக்கலாம். அந்தப் பூனைகளுக்கு நிறம் தரும் நொதி குளிர்ச்சியில்தான் வேலை செய்யும், முடி இல்லாத தோல் குளிர்ந்துவிடுகிறது. பிறகு முடி மாறும்போது சரியாகிவிடும், பதற வேண்டாம்.

குளிப்பாட்டினால் சிக்கு இளகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நேர்மாறு. நனைந்தால் சடை இன்னும் இறுகும். வாரி முடித்த பிறகே தண்ணீர்.

இப்போது என் கணக்கு ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம்: காதுக்குப் பின்னால், அக்குள், தொடையின் உட்பக்கம், வாலடி. முதுகு கடைசியில், அதுவும் அதன் திருப்திக்காக. வால் நுனி அடிக்க ஆரம்பித்தால் சீப்பைக் கீழே வைத்துவிடுவேன். அடிவயிறு மிச்சமிருந்தால் அது நாளைக்கு.