சீதபேதிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை: அப்பாவுக்கு நடந்தது

வீட்டில் யாராவது ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் மாத்திரை சாப்பிட்டால், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

அப்பாவுக்கு 64 வயது. ஒன்பது வருடங்களுக்கு முன் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் இரவு வார்ஃபாரின். மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர் என்ற ரத்தப் பரிசோதனை. அந்த எண் ஏற ஏற ரத்தம் உறையத் தாமதமாகிறது என்று அர்த்தம். வால்வு இருக்கும் இடத்தைப் பொறுத்து, இருக்க வேண்டிய எண் மாறும். அப்பாவுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு அவருக்கு வயிற்றை முறுக்கிக்கொண்டு, சளி சளியாகப் போனது. மறுநாள் ஞாயிறு, டாக்டர் இருக்க மாட்டார். பக்கத்துத் தெரு மெடிக்கலுக்குப் போய்ச் சொன்னேன். கல்லாவில் இருந்த பையன், "சீதபேதிதாண்ணே, அமீபாவா இருக்கும். இதை மூணு வேளை, அஞ்சு நாள் குடுங்க" என்று அட்டையைக் கத்தரியால் வெட்டி 15 மாத்திரைகளைக் கவரில் போட்டுக் கொடுத்தான். சீட்டு கேட்கவில்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. பில்லும் இல்லை. பார்மசிஸ்ட் கடையில் இல்லை, அவருடைய சான்றிதழ்தான் சுவரில் தொங்கியது.

இரண்டு நாளில் வயிறு சரியானது. நான்காம் நாள் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்தது. முழங்கையில் அடிபடாமலேயே கன்றிப்போயிருந்தது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் காலையில் தார் மாதிரி கறுப்பாக மலம் போய், எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐ.என்.ஆர் 7.8.

"புதுசா ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். மிச்சமிருந்த மூன்று மாத்திரைகளைக் காட்டினேன். வெட்டிய அட்டைத் துண்டில் பாதிப் பெயர்தான் இருந்தது, காலாவதி தேதி இல்லை. மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் என்று அவர்களாகக் கண்டுபிடித்தார்கள். அமீபா, ஜியார்டியா கிருமிகளுக்கு நல்ல மருந்துதான். ஆனால் கல்லீரல் வார்ஃபாரினைச் சிதைத்து வெளியேற்றுவதை அது தடுத்துவிடுகிறது. தினமும் சாப்பிடும் அதே அளவு வார்ஃபாரினே உடம்பில் தேங்கி, ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

வார்ஃபாரினை நிறுத்தி, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யைக் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். ஏன் அதிகமாகக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். ரத்தம் ஒரேயடியாக உறைய ஆரம்பித்தால் வால்வில் கட்டி அடைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். இந்தப் பக்கமும் ஆபத்து, அந்தப் பக்கமும் ஆபத்து. நான்கு நாட்கள் அம்மா அந்த வராண்டாவிலேயே கிடந்தாள்.

மலத்தைப் பரிசோதிக்காமல் அமீபா என்று முடிவு செய்ததே தவறு என்றும் டாக்டர் சொன்னார். அமீபாவாகவே இருந்தாலும் மெட்ரோனிடசோல் மட்டும் போதாதாம். குடலில் தங்கும் கிருமியை அழிக்க டைலாக்சனைடு மாதிரி இன்னொரு மருந்தும் வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும்.

கடைக்குப் போய்க் கேட்டதும், "நாங்க குடுக்கவே இல்லை, பில் இருந்தா காட்டுங்க" என்றார் முதலாளி. பில் ஏன் தரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

மெட்ரோனிடசோல் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் என்பது 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்திலேயே இருக்கிறது. பில் கேளுங்கள். அட்டையை வெட்டினால் பெயரும் தேதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். வார்ஃபாரின் சாப்பிடுபவர் என்பதை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள். பூச்சி மாத்திரையும் அப்படித்தான். பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களே என்று அல்பெண்டசோலை நாமே வாங்கிப் போடுகிறோம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அதைத் தவிர்க்க வேண்டும் என்று எத்தனை கடைகளில் சொல்கிறார்கள்?

மருந்தால் பாதிப்பு வந்தால் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது, அதில் சொல்லிவிட்டேன். மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகாரும், அந்த அட்டைத் துண்டின் போட்டோவும் கொடுத்திருக்கிறேன். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், நேற்று ஐ.என்.ஆர் 2.9. கடையில் இன்றும் அந்தப் பையன்தான் அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறான்.