மாடி கட்ட மூன்று வழி: முழு காண்ட்ராக்டா, லேபர் காண்ட்ராக்டா, நாள் கூலியா?

சென்னை வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்கு மேலே 400 சதுர அடியில் ஒரு மாடி கட்டினோம். தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எடுத்த முடிவு. கையில் சீட்டுப் பணமும் நகைக்கடனும்தான். அதனால் வேலையை எந்த முறையில் கொடுப்பது என்று ஒரு மாதம் வீட்டில் இதே பேச்சு. வழி மூன்று: சாமானோடு சேர்த்து முழு காண்ட்ராக்ட், கூலிக்கு மட்டும் லேபர் காண்ட்ராக்ட், ஆளுக்கு இவ்வளவு என்று நாள் கூலி.

எதை எடுத்தாலும் முதலில் கீழ்வீடு தாங்குமா என்று பாருங்கள். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கின்றன. மரச்சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் கட்டிய கூரை அது. அதன்மேல் இன்னொரு தளம் கட்டக் கூடாது. எஞ்சினியரைக் கூட்டிவந்து காட்டுகிற செலவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முழு காண்ட்ராக்டில் நிம்மதி உண்டு. சதுர அடிக்கு ஒரு ரேட் பேசிவிட்டால் ஆள், சாமான், சாரம் எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் பணம் எங்கே கூடும் என்று தெரிந்து பேச வேண்டும். மாடிப்படி, சன்ஷேடு, பால்கனி இதெல்லாம் சதுர அடிக் கணக்கில் சேருமா? கைப்பிடிச் சுவர், லாஃப்ட் ரேட்டுக்குள் வருமா, எக்ஸ்ட்ராவா? ஓர் அறைக்கு எத்தனை ஸ்விட்ச் பாயிண்ட்? எந்த கம்பெனி சிமெண்ட், எந்தக் கம்பி? இவ்வளவையும் எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுத்தால், பாதி வேலையில் "இது பேச்சுல இல்லையே" என்று நிற்பார்கள். சாமான் விலை இறங்கினாலும் பேசிய ரேட் இறங்காது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. மூட்டையை நாமே வாங்கினால் இப்படிக் குறைகிற காசு நம் கையில் நிற்கும்.

நாங்கள் எடுத்தது லேபர் காண்ட்ராக்ட். மேஸ்திரிக்குச் சதுர அடிக்குக் கூலி, சாமான் நம்முடையது. மிச்சம் நிஜமாகவே இதில்தான் இருக்கிறது. ஆனால் அது சும்மா வருவதில்லை.

எங்கள் சந்துக்குள் லாரி வராது. எம்சாண்டும் (கல்லை உடைத்துச் செய்த மணல்) ஜல்லியும் தெருமுனையில் ராத்திரி கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து மீன்பாடி வண்டியில் (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) வீட்டு வாசலுக்கு, வாசலிலிருந்து தலைச்சுமையாக மாடிக்கு. இந்த ஏற்றுக்கூலி யார் தலையில் என்று முன்பே பேசவில்லை. மேஸ்திரி மேல் தப்பில்லை, நான்தான் கேட்டிருக்க வேண்டும். மணல் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி. லாரி தொட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கிற உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் கொட்டச் சொல்ல வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குத் தம்பி டார்ச் பிடிக்க, நான் லாரி மேல் ஏறி அளந்தேன். இரண்டாவது லோடில் குறைவு தெரிந்தது, அதற்கான காசைக் கழித்துத்தான் கொடுத்தோம்.

கம்பியையும் நிறுத்துப் பாருங்கள். 12 மீட்டர் நீளத்தில் 8 மி.மீ. கம்பி சுமார் 4.7 கிலோ, 10 மி.மீ. 7.4 கிலோ, 12 மி.மீ. 10.6 கிலோ இருக்கும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ரொம்பக் குறைந்தால் அது மெல்லிய கம்பி, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் தளம் போடும் நாள். 400 சதுர அடிக்கு 5 அங்குல கனத்தில், சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவையில் சுமார் 38 மூட்டை சிமெண்ட் போக வேண்டும். பீமுக்குத் தனி. காலையிலேயே மூட்டையை எண்ணிவைத்தோம். சாயங்காலம் காலிப் பைகளை அம்மா உட்கார்ந்து எண்ணினார். கணக்கு சரியாக வந்தது. அவர் எண்ணப்போவது தெரிந்ததாலேயே கலவையும் சரியாக விழுந்தது என்று நினைக்கிறேன். கம்பிக்குக் கீழே கவர் பிளாக் (கம்பி பலகையைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) இருக்கிறதா என்று கான்கிரீட் விழுவதற்கு முன் குனிந்து பார்த்துவிடுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடல் காற்று அடிக்கிற இடத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். உப்புத் தண்ணீரும் அப்படித்தான். போர் தண்ணீர் கரித்தால் கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்குங்கள்.

தளத்துக்குத் தண்ணீர் விடுவதை மேஸ்திரி ஆட்களிடம் நாங்கள் விடவே இல்லை. மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். இப்போது கிடைக்கும் பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும், வெயில் காலத்தில் 14 நாள். அம்மா காலையிலும் சாயங்காலமும் மேலே போய் பாத்தி வற்றியிருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார். எந்த காண்ட்ராக்ட்காரரும் இந்தக் கவனத்தைக் கொடுக்க மாட்டார். முட்டுப் பலகையை எடுக்கவும் அவசரப்படக் கூடாது. சுவருக்குச் சுவர் நாலரை மீட்டருக்கு மேல் அகலமான தளத்துக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும்.

இதற்கெல்லாம் வீட்டில் ஓர் ஆள் பகலில் இருக்க வேண்டும். எங்களுக்கு அம்மா இருந்தார். அப்படியும் ஒருநாள் ஆபீசில் இருக்கும்போது மேஸ்திரி போன் செய்தார்: "அக்கா, ஜல்லி தீந்துடுச்சு, எத வச்சுக்கா கலக்குறது?" அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன்.

நாள் கூலியை ஒரு முழு மாடிக்கு நான் சொல்லவே மாட்டேன். சாமான் வரத் தாமதமானால் கொத்தனாரும் சித்தாளும் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் ஓடும். வேலையை இழுத்தால் கேட்க மேஸ்திரி இல்லை. யாராவது சாரத்திலிருந்து விழுந்தால் பொறுப்பு நேராக நம் மேல்தான். ஆனால் அளவு முன்கூட்டித் தெரியாத சில்லறை வேலைக்கு அதுதான் சரி. பழைய பாத்ரூம் சுவரை உடைத்து மாடிக்குப் பைப் ஏற்றிய வேலையை நாள் கூலியில்தான் செய்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சுவருக்கு யார் ரேட் சொன்னாலும் கூட்டித்தான் சொல்வார்கள்.

எந்த முறையானாலும் பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்து, ஐப்பசி மழைக்கு முன் தளம், பூச்சு, மொட்டை மாடியில் பதிக்கிற தட்டோடு எல்லாம் முடித்துவிடுங்கள். பேசிய தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைப்பதாக முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் அதைக் கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகுதான் கொடுத்தோம். படிக்கட்டுச் சுவர் ஓரத்தில் ஒரு கசிவு தெரிந்தது. மேஸ்திரி வந்து அதைக் கொத்திப் பூசிவிட்டு, மீதியை வாங்கிக்கொண்டு போனார்.