ஜப்பானில் மொழி படிக்கப் போகிறீர்களா? ஹோம்ஸ்டே, விடுதி, ஷேர் ஹவுஸ்: எது தேறும்?

தனி அபார்ட்மென்டை முதலிலேயே கழித்துவிடலாம். முன்பணம், வீட்டுக்காரருக்குப் போய்த் திரும்பி வராத ‘ரெய்கின்’, தரகர் கூலி, உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம் என்று குடிபோகும் முன்பே பல மாத வாடகை கரைந்துவிடும். புதிதாகப் போகிற மாணவருக்கு மிஞ்சுவது மூன்று: பள்ளி விடுதி, பலர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் ஷேர் ஹவுஸ், ஒரு குடும்பத்தோடு தங்கும் ஹோம்ஸ்டே. நான் ஹோம்ஸ்டே பக்கம் சாய்கிற ஆள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

செலவிலும் சுதந்திரத்திலும் ஷேர் ஹவுஸ்தான் முன்னால் நிற்கும். கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கும். எத்தனை மணிக்கு வந்தாலும் கேள்வி கிடையாது. விடுதியில் பள்ளிக்கு அலைச்சல் குறைவு. இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததே.

நான் போடும் கணக்கு வேறு. ஒரு நாளில் எத்தனை நிமிடம் வாய் திறந்து ஜப்பானிய மொழி பேசுகிறீர்கள்? மாணவர் விசாவுக்கான மொழிப் பள்ளிகளில் வாரத்துக்கு 20 பாடவேளை, வேளைக்கு 45 நிமிடம், வகுப்புக்கு 20 பேர் வரை. அதாவது நாளைக்கு 180 நிமிடம். ஆசிரியர் வாயே திறக்காமல் அத்தனையையும் பங்கு போட்டுக் கொடுத்தாலும் தலைக்கு 9 நிமிடம்தான். வகுப்பு முடிந்து விடுதிக்கு வந்தால் அரைகுறை ஆங்கிலம். நம்மூர்க்காரர் ஒருவர் மாட்டிவிட்டால் ராத்திரி முழுக்கத் தமிழ். ஜப்பானிய மொழித் திறனுக்கான ஜேஎல்பிடி தேர்விலோ பேச்சுப் பகுதியே கிடையாது. அதனால்தான் அதன் ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவதான என்2 சான்றிதழ் கையில் இருந்தும் போன் அடித்தால் எடுக்கத் தயங்குகிறவர்களைப் பார்க்கிறோம்.

ஹோம்ஸ்டேயில் இரவுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று, நான்கு பேர். அங்கே காதில் விழுவது ‘சாப்பிடுகிறீர்களா’ என்பதற்குப் பாடப்புத்தகம் சொல்லும் ‘தபெமாஸ்கா’ அல்ல, வெறும் ‘தபெரு?’. ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்கிற ‘தபெதெ ஷிமாத்தா’ சுருங்கி ‘தபெச்சாத்தா’ ஆகிவிடும். ஒசாகா, கியோட்டோ பக்கமென்றால் ‘சாப்பிடமாட்டேன்’ என்கிற ‘தபெனாய்’ இருந்த இடத்தில் ‘தபெஹென்’. இதைவிட முக்கியம், உம் கொட்டுவது. எதிராளி பேசப் பேச ‘உன்’ (ம்ம்), ‘ஹே’ (அப்படியா), ‘ஸோ நன்தா’ (ஓ, அப்படித்தானா) என்று இடையிடையே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போடாவிட்டால் புரியவில்லை போலும் என்று அவர் நிறுத்திவிடுவார். இந்தத் தாளம் தினமும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால்தான் பிடிபடும்.

அந்த மேசையில் உட்கார முடியாதென்றால் ஹோம்ஸ்டேக்குக் கொடுக்கும் பணம் வீண். மாணவர் விசாவில் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். மதுவும் சாப்பாடும் கிடைக்கும் இசகாயா கடையில் மாலை 5 முதல் 10 வரை ஷிஃப்ட் எடுக்கிறவருக்கு ஷேர் ஹவுஸே சரி. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆள் தேடும் குடும்பமும், சாப்பாடு முழுக்க டிவி ஓடும் குடும்பமும் உண்டு. அடிப்படையே தெரியாமல் போனாலும் பயனில்லை, சிரித்துத் தலையாட்டிச் சாப்பிட்டு எழுந்துவிடுவீர்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் கனசாவாவில் நடத்தும் 8 வாரக் கோடை வகுப்பில் எல்லோருக்கும் ஹோம்ஸ்டேதான். அது ஏற்கெனவே ஓராண்டாவது படித்தவர்களுக்கானது. மொழிப் பள்ளியில் சேருகிறவருக்கும் நான் சொல்வது அதே வரிசை: முதல் பருவம் விடுதி, கீழிருந்து இரண்டாம் நிலையான என்4 அளவு வந்ததும் மூன்று மாதம் ஹோம்ஸ்டே. அதற்கு மேல் ஒரே வீட்டில் நீடிப்பது எல்லோருக்கும் ஒத்துவருமா என்றால், அடித்துச் சொல்லமாட்டேன்.

சைவக்காரர்கள் படிவத்தில் ‘சைவம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். தட்டில் மீன் வராது, சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில் வரும். அதன் அடித்தளமான ‘தாஷி’ என்ற சாறு பெரும்பாலும் ‘கட்சுவோபுஷி’ என்ற காய்ந்த மீனில் வடிப்பது. நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் அது. இறைச்சி, மீன், முட்டை, பால், மீன் தாஷி என்று தனித்தனியாக ஆகும், ஆகாது எழுதி, ‘கொம்பு’ என்ற கடற்பாசியிலோ ஷீட்டாக்கே காளானிலோ வடித்த தாஷி சரி என்றும் சேர்த்துவிடுங்கள். மாற்று வழியைச் சொல்லாவிட்டால் சமைக்கிறவர் திணறிப்போவார்.

குளியலறையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது. தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை போக அலசிய பிறகே உள்ளே இறங்க வேண்டும். அதே வெந்நீரில் அடுத்தவரும் இறங்குவார். அதனால் வெளியே வந்ததும் அடைப்பானைப் பிடுங்காமல், சூடு போகாதபடி மூடியைப் போட்டுவிடுங்கள்.

டோக்கியோவில் குடும்பங்கள் பெரும்பாலும் புறநகரில். பள்ளிகள் ஷின்ஜுகு, தகதனோபாபா வட்டாரத்தில். ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் ஆவது சாதாரணம். மாணவர் சலுகை ரயில் பாஸ் எல்லா மொழிப் பள்ளிக்கும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் முழு விலை பாஸ்தான், அதையும் ஹோம்ஸ்டே செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் ஏஜென்சியிடம் நான்கு கேள்வி கேட்டு மெயிலில் பதில் வாங்குங்கள்: மாலையில் வீட்டில் யார் இருப்பார்கள், அதே வீட்டில் வேறு மாணவர் உண்டா, வாசலில் இருந்து பள்ளி வரை எத்தனை நிமிடம், ஒத்துவராவிட்டால் எத்தனை நாள் முன்னறிவிப்பில் குடும்பம் மாறலாம். முதல் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால், விடுதிக்கே எழுதிப் போடுங்கள்.