எடிசனுக்கு 7.4 கிலோ: பழைய வண்ணாரப்பேட்டை பார்சல் கடையில் என் அனுபவம்

பொங்கலுக்கு என் மகளுக்கு ஒரு பெட்டி அனுப்பினேன், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளைத் தாண்டி உள்ளே போகும் சந்தில் இருக்கும் இந்த வெளிநாட்டுப் பார்சல் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததே, கடைக்காரர் என்னிடம் "இதை அனுப்பாதீங்கம்மா" என்று எடுத்து வெளியே வைத்த இரண்டு டின்களுக்காகத்தான். அனுப்பக் கொண்டுபோன பொருளை வேண்டாம் என்று சொல்லி, தனக்கு வரவேண்டிய பணத்தைத் தானே பாதியாகக் குறைத்துக்கொண்ட கடையை நான் இதுவரை பார்த்ததில்லை.

மகள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசனில். நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஊர், ஓக் ட்ரீ ரோடு முழுக்க இந்தியக் கடைகள்தான், காசு இருந்தால் கிடைக்காத பொருள் இல்லை. அந்தக் காசுதான் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்ட மறுநாளே அங்கே கடைகளில் கூட்டம் அலைமோதியதாம், ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டைதான் என்று எழுதி வைத்துவிட்டார்களாம், என் மருமகன் மூன்று கடை ஏறி இறங்கி ஒரு சோனா மசூரி மூட்டையோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். 2024 செப்டம்பர் கடைசியில் தடையை எடுத்துவிட்டார்கள், ஆனால் ஏறிய விலை முழுசாக இறங்கவில்லை என்று மகள் இன்றைக்கும் சொல்கிறாள். நடுவில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் பாதிக் கப்பல் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போனது, அந்தக் கூடுதல் கூலியும் கடைசியில் அப்பளக் கட்டின் மேல்தான் வந்து உட்கார்ந்தது.

அப்புறம் 2025 ஆகஸ்ட். இந்தியப் பொருள்களுக்கு முதலில் 25 சதவீதம், 27-ஆம் தேதியிலிருந்து மொத்தம் 50 சதவீதம் என்று அமெரிக்கா வரி போட்டது. 200 கிராம் பருப்புப் பொடியை மகள் 3 டாலர் 49-க்கு வாங்கிக்கொண்டிருந்தாள், தீபாவளி சமயத்தில் அதே பாட்டில் 4 டாலர் 99. டாலர் 90 ரூபாயைத் தொட்டுவிட்ட காலத்தில் அது இங்கே 450 ரூபாய். நவம்பரில் காபி, டீ, சில மசாலா வகைகளுக்கு அந்தக் கூடுதல் வரியை நீக்கினார்கள், இருந்தாலும் வரி கட்டி இறக்கி வைத்த சரக்கை எந்தக் கடைக்காரர் உடனே குறைத்து விற்பார்? "அம்மா, பேரன் பருப்புப் பொடி சாதம் மட்டும்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறான், அதையும் அளந்து அளந்து போடுகிறேன்" என்று அவள் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். இவ்வளவு சாமான் எங்கள் தெருமுனையைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது, என் பேரன் தட்டுக்கு ஒரு கரண்டி பொடி போவதற்கு இத்தனை பாடா என்று அந்த ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும்.

சரி, கடைக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு நான் தபாலில்தான் அனுப்புவதாக இருந்தேன். 800 டாலர் வரையுள்ள பார்சல்களுக்கு இருந்த வரிச் சலுகையை அமெரிக்கா ஆகஸ்ட் 29-லிருந்து எடுத்துவிட்டதால் நம் அஞ்சல் துறை அந்த நாட்டுக்குப் பார்சல் வாங்குவதையே நிறுத்தி வைத்திருந்தது, மறுபடி தொடங்கியது அக்டோபர் 15-இல்தான். தீபாவளி 20-ஆம் தேதி. அதற்குள் நான் அவசரப்பட்டு வேறு ஒரு தனியார் ஏஜென்சியில் கொடுத்துவிட்டேன். வீட்டுத் தராசில் 9 கிலோ இருந்த பெட்டிக்கு 15 கிலோவுக்குப் பில் போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்பதோடு சரி. அங்கே போய்ச் சேர்ந்தபோது முறுக்கு பொடியாகியிருந்தது, ஊறுகாய் எண்ணெய் கசிந்து சாம்பார் பொடிப் பாக்கெட்டுகள் எல்லாம் ஊறிப்போயிருந்தன. மகள் அதை வீடியோவில் காட்டவே இல்லை, மருமகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பயத்தோடுதான் ஜனவரி 2-ஆம் தேதி இந்தக் கடைக்குப் போனேன். சின்ன இடம், ஒரு தராசு, ஒரு கம்ப்யூட்டர், பின்னால் அட்டைப்பெட்டி அடுக்கு, உட்கார இரண்டு ஸ்டூல். கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நான் கொண்டுபோன எல்லாவற்றையும் மேஜையில் பரப்பச் சொன்னார். எடை போடுவதற்கு முன்னால் டேப்பை எடுத்து அளந்தார், அங்கேதான் எனக்கு இந்தத் தொழிலின் கணக்கே புரிந்தது. விமானத்தில் போகும் பார்சலுக்கு எடை மட்டும் கணக்கில்லை, அது அடைக்கும் இடமும் கணக்கு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது வால்யூம் வெயிட். தராசு எடை, வால்யூம் வெயிட் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். என் முறுக்கு டின்னும் தட்டை டின்னும் உள்ளே போக வேண்டுமென்றால் 50-க்கு 40-க்கு 40 பெட்டி வேண்டும், அது 16 கிலோ ஆகிறது. தராசில் நின்றது 9 கிலோ சொச்சம்தான். தீபாவளிக்கு நான் ஏமாந்ததாக நினைத்த 15 கிலோ எப்படி வந்தது என்று அந்த நிமிஷம்தான் விளங்கியது. விளக்க அங்கே ஆள் இல்லை, இங்கே இருந்தார்.

"முறுக்கு முழுக்கக் காத்துதான்மா, காத்துக்குக் காசு கட்டிட்டு இருப்பீங்க. இந்த ரெண்டு டின்னையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். டின்களை எடுத்ததும் மீதி எல்லாம் 35-க்கு 30-க்கு 30 பெட்டியில் அடங்கிவிட்டது. வால்யூம் 6.3, தராசு 7.4, அரைக் கிலோக் கணக்கில் 7.5-க்குப் பில். கிலோவுக்கு 720 ரூபாய் வீதம் 5,400. பெரிய பெட்டியாக இருந்தால் 11,520 கட்டியிருப்பேன். முறுக்கு பிழிய அரை நாள் போனது நிஜம், அதை மனசார விட்டுக்கொடுக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, ஆனால் 6,120 ரூபாய் வித்தியாசம்.

உள்ளே என்ன போனது என்பதையும் எழுதிவிடுகிறேன், அனுப்ப நினைக்கிற அம்மாக்களுக்கு உதவும். குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு கிலோ: மிளகாய், தனியா, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாம் கொத்தவால் சாவடிப் பக்கம் வாங்கி, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்து, தெருமுனை மெஷினில் என் கண் முன்னால் அரைத்தது. பருப்புப் பொடி ஒன்றரைக் கிலோ, பேரனுக்காகக் காரம் குறைத்து. காசிமேட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாடு, கொஞ்சம் சென்னாக்குன்னி, அதாவது காய்ந்த பொடி இறால். அப்பளம். போன சித்திரையில் போட்ட வெங்காய வடகம். இந்த வடகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீன் குழம்பைத் தாளிக்க இதில் ஒரு உருண்டையை உதிர்த்து எண்ணெயில் போட்டால் எழும்பும் வாசனைதான் எங்கள் பகுதி வீடுகளின் வாசனை. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் இடித்துக் கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பகலில் வெயிலில் காயவைத்து ராத்திரி எடுத்து வைத்து, மறுபடி பிசைந்து உருட்டிப் பத்து நாளைக்கு மேல் பாடுபட வேண்டும். ஓக் ட்ரீ ரோட்டில் அரிசி கிடைக்கும், பருப்பு கிடைக்கும், என் வீட்டு வடகம் கிடைக்காது.

எதை அனுப்பினால் கட்டுப்படியாகும் என்பதற்குக் கடைக்காரர் காகிதத்தில் ஒரு கணக்கு எழுதிக் காட்டினார், அதை நான் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பேக்கிங் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன மொத்தச் செலவு 5,970 ரூபாய், அதாவது கிலோவுக்குச் சுமார் 807. 200 கிராம் பொடிக்கு அனுப்பும் செலவு 160 ரூபாய், செய்த செலவு நூறு என்று வைத்தாலும் 260. அங்கே கடையில் 450. அதனால் பொடி அனுப்பலாம். அரிசிக்கு இதே கணக்கைப் போட்டால் கிலோ 870 ரூபாய்க்குப் போய் நிற்கும், அங்கே என்னதான் விலை ஏறியிருந்தாலும் அவ்வளவு இல்லை. துவரம்பருப்பும் அப்படித்தான். எனவே அரிசி பருப்பை அவர்கள் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும், நம் கை பட்டால்தான் வரும் ருசியை மட்டும் நாம் அனுப்புவோம் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

கறிவேப்பிலையும் கொண்டுபோயிருந்தேன், எங்கள் வீட்டு மரத்தில் பறித்து நிழலில் உலர்த்தியது, ஏனென்றால் அங்கே கையளவு பாக்கெட்டுக்கு 2 டாலருக்கு மேல் கொடுக்கிறாள். அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். கறிவேப்பிலை எலுமிச்சை ஆரஞ்சு குடும்பத்துச் செடி, அந்த மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி இதன் இலையில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் அமெரிக்காவில் அதை விடமாட்டார்களாம், ஒரு கொத்து இலைக்காக மொத்தப் பெட்டியும் மாட்டிக்கொள்ளலாம். மறு பேச்சு பேசாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

காகித வேலை சுத்தம். ஆதார் நகல் வாங்கினார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் உள்ளே என்ன, எவ்வளவு என்று ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டினார். வீட்டில் செய்து சொந்தக்காரருக்குப் பரிசாக அனுப்புகிற சாப்பாட்டுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தகவல் பதிய வேண்டியதில்லை, ஆனால் கருவாடும் அப்பளமும் கடையில் வாங்கியது என்பதால் அவற்றுக்குப் பதிய வேண்டும் என்று பிரித்து எழுதிக்கொண்டார். மதிப்பையும் உள்ளது உள்ளபடி போடச் சொன்னார். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் பரிசு 100 டாலருக்குள் இருந்தால் வரி இல்லை, என் பெட்டி 60 டாலர் சொச்சம்தான், எதற்குப் பொய் எழுத வேண்டும் என்றார். மகளிடம் அங்கே ஒரு டாலர்கூடக் கேட்கவில்லை.

இப்போது குறைகள். ஏழு நாள் என்று சொன்னார், ஆனது பதினோரு நாள். 13-ஆம் தேதிதான் போய்ச் சேர்ந்தது, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், அதுவரை எனக்குத் தூக்கம் இல்லை. டிராக்கிங் நம்பர் கொடுத்தார், ஆனால் நான்கு நாள் அது அசையவே இல்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் செய்தால் எடுப்பதில்லை. காத்திருக்கிறவர்களுக்கு அந்த நான்கு நாள் எப்படி இருக்கும் என்று அவர் யோசிக்க வேண்டும், ஒரு மெசேஜ் போட்டிருந்தால் போதும். இன்னொன்று, எல்லாவற்றையும் போலவே வடகத்தையும் வேக்யூம் பேக்கிங் போட்டதில் உருண்டை எல்லாம் நசுங்கி உதிர்ந்துவிட்டது. கருவாட்டுக்கு இரட்டை உறை போட்டு வேக்யூம் செய்தது அருமையான வேலை, பெட்டியைத் திறந்தபோது துளி வாடை இல்லை என்றாள் மகள். ஆனால் வடகத்துக்கு அது கூடாது. கேட்காமல் மெஷினில் வைத்தது தப்பு. வடகம் உதிர்ந்தாலும் தாளிக்கலாம், ருசி எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் பத்து நாள் வெயிலில் உருட்டியதை முழு உருண்டையாக அவள் கையில் எடுக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருந்தேன்.

நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் துபாயில் இருக்கும் மகனுக்குக் கறி மசாலா அனுப்ப ஒரு அம்மா வந்தார். கசகசா போட்டு அரைத்தீர்களா என்பதுதான் கடைக்காரரின் முதல் கேள்வி. போட்டேன் என்றார் அந்த அம்மா. "அந்த ஊருல கசகசா தடைம்மா, பார்சல் போகாததோட நிக்காது, உங்க பையன் மேல கேஸ் ஆயிடும்" என்று பக்குவமாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்த அம்மாவுக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. வளைகுடா நாடுகளுக்கு அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள், எல்லாக் கடையிலும் இப்படிக் கேட்கமாட்டார்கள்.

எம்.சி. ரோட்டில் பண்டிகை சமயத்தில் வண்டி நிறுத்த இடமே கிடையாது, பெட்டி கனமாக இருந்தால் ஆட்டோவில் சந்து முனை வரை வந்து இறங்குங்கள், கடைப் பையன் வந்து தூக்கிக்கொள்கிறான். நான் அடுத்த பெட்டியைச் சித்திரை வடகம் காய்ந்த பிறகு கொண்டுபோகிறேன். உருண்டைகளை உயரம் குறைந்த டப்பாவில் அடுக்கிக் கொண்டுவந்தால் வேக்யூம் போடாமல் அப்படியே வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாத டப்பாவாகப் பார்த்து வாங்கச் சொன்னார்.